தன்னைத்தானே குடிக்கும் தேயிலை

“பிரகாசமான, சுறுசுறுப்பான, சுயமாகக் குடிக்கும் ஊவாத் தேநீர்.”

போன ஆடியில் என் மேசைக்கு வந்த மாதிரிப் பெட்டி ஒன்றில் தமிழில் இப்படி எழுதியிருந்தது. நான் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பண்டாரவளையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். வங்கிப் படிவம், மருந்துத் துண்டு, காணி உறுதி, சில நேரம் கல்யாண அழைப்பிதழ். பெட்டியை அனுப்பியவர்கள் கொழும்பில் ஒரு சின்ன ஏற்றுமதிக்காரர்கள். “தமிழ் சரியா என்று ஒருக்கா பாருங்கள் மிஸ், அச்சுக்குக் குடுக்கப் போறோம்” என்று ஒரு குறிப்பு. கூடவே அந்தத் தேயிலையில் 100 கிராம்.

‘பிரிஸ்க்’ என்ற ஆங்கிலச் சொல் சுறுசுறுப்பான தேநீராகியிருந்ததைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். விடியக் காலையில் எழும்பி, பீலியில் முகம் கழுவி, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிற தேநீர் போல. அடுத்த சொல்லில் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியின் மறுபக்கம் இருந்த ஆங்கிலச் சொல் ‘செல்ஃப்-டிரிங்கிங்’. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்தெடுத்த காசில்தான் படித்தேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் மட்டக்கம்பும் கூடையும் கொங்காணியும் வீட்டுச் சாமான்கள். தேயிலையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு சொல் தேயிலைப் பெட்டியிலேயே இருந்தது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. என் மேசையில் இருக்கும் தடித்த அகராதியிலும் அது இல்லை. ‘செல்ஃப்’ என்று தொடங்கும் சொற்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இது மட்டும் இல்லை.

சரி, இலக்கணத்தை வைத்துப் பிடிப்போம் என்று பார்த்தேன். செல்ஃப்-ரைசிங் மா என்றால் தானாக உப்பும் மா. செல்ஃப்-டிரைவிங் கார் என்றால் தானாக ஓடும் கார். அந்தக் கணக்கில் செல்ஃப்-டிரிங்கிங் தேநீர் தன்னைத்தானே எடுத்துக் குடித்துக்கொள்ள வேண்டும். கோப்பை காலியாகி நமக்கு ஒன்றும் மிஞ்சாது. பெட்டியில் தமிழ் எழுதிய ஆளோ இயந்திரமோ அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நானும் முதலில் அதையேதான் போட்டேன்.

வழி திறந்தது கடைக்குப் போன இடத்தில். தட்டில் ‘டிரிங்கிங் சொக்லட்’ டின் இருந்தது. பக்கத்தில் குடிதண்ணீர்ப் போத்தல், அதில் ‘டிரிங்கிங் வாட்டர்’. சொக்லட் எதையும் குடிப்பதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை. இரண்டும் குடிப்பதற்கானவை. ஆக ‘டிரிங்கிங்’ என்பது இங்கே குடிக்கும் வினையைச் செய்கிற ஆளைக் காட்டவில்லை, பொருள் எதற்கு ஆகும் என்பதைக் காட்டுகிறது. செல்ஃப் என்பது ‘தானாக’ இல்லை, ‘தன்பாட்டில்’. வேறு எதையும் சேர்க்காமல், தன்பாட்டில் குடிக்கத் தக்க தேயிலை. அவ்வளவுதான் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், தமிழுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கவே கூடாது. ‘குடிக்கும் பிள்ளை’ என்றால் பிள்ளை குடிக்கிறது. ‘குடிக்கும் பால்’ என்றால் பாலை யாரோ குடிக்கிறார்கள். நம்முடைய பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். யார் குடிக்கிறார்கள் என்று நாம் யாரையும் கேட்பதில்லை. கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும், மா தண்ணீர் குடிக்கும் என்று அடுப்படியில் நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்த ‘சுயமாக’ மட்டும் வந்து உட்காராமல் இருந்திருந்தால் ‘குடிக்கும் தேநீர்’ பாட்டுக்கு இருந்திருக்கும்.

பொருள் பிடிபட்ட பிறகு அடுத்த கேள்வி வந்தது. தேயிலை என்றால் தன்பாட்டில் குடிப்பதுதானே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு பெயரடை?

இதற்குப் பதில் தேயிலை வியாபாரத்தில் இருக்கிறது. உலகத்தில் பெட்டியிலும் பையிலும் விற்கிற தேயிலையில் பெரும்பகுதி கலவை. ஓரிடத்துத் தேயிலை நிறம் கொடுக்கும், இன்னொன்று கனம் கொடுக்கும், இன்னொன்று நாக்கில் உயிர்ப்பைக் கொடுக்கும். ஆங்கிலேயர் காலை உணவோடு குடிக்கும் வகை என்று விற்கிற பெட்டிக்குள் அசாமும் கென்யாவும் நம்முடையதும் ஒன்றாகக் கிடப்பது வழக்கம். கலப்பதற்குக் காரணமும் உண்டு. மழைக்கால இலையும் வெயில்கால இலையும் ஒரே ருசி தராது, ஆனால் கடைக்காரருக்கு வருடம் முழுக்க ஒரே ருசி வேண்டும். 1890இல் இந்தப் பக்கம் வந்து தம்பேதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன், ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஏற்ற கலவை என்று சொல்லியே பிரித்தானியாவில் தேயிலை விற்றவர். ஹப்புத்தளையில் ‘லிப்டன் இருக்கை’ என்கிற மலை உச்சிக்கு ஏறிப் படம் எடுக்கிறவர்கள் பார்க்கிற பச்சை மலையில் நிறைய, கோப்பைக்குப் போகிறபோது சொந்தப் பெயரில் போகாது.

அந்தக் கூட்டத்தில், இதற்கு ஒன்றும் சேர்க்காதே, இதுவே போதும் என்று, தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் சுவைஞர் ஒருவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னால் அதுதான் செல்ஃப்-டிரிங்கிங். மணம், நிறம், கனம், ருசி நாலும் ஒரே இலையில் போதுமான அளவு இருக்க வேண்டும். ஒன்று தூக்கலாக இருந்து மற்றது குறைந்தால் அது கலவைக்கு நல்ல சரக்கு. இந்தப் பெயர் அதற்குக் கிடைக்காது.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டுவிட்டு, சித்தப்பாவிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும்.

சித்தப்பா ஸ்டோரில் இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வாட்டுகிற மாடியில் தொடங்கி, ரோலருக்கு வந்து, கடைசியில் டீமேக்கர் ஐயாவுக்குக் கிண்ணம் வைக்கிற வேலையில் ஓய்வு பெற்றார். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் ஆங்கிலப் பெயரடைகள் அவரிடம் ஒரு கூடை இருக்கின்றன. பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ இல்லாமல் ஒரு மொழியில் பெயரடை மட்டும் தெரிந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“பிரிஸ்க்குன்னா நாக்குல சுருக்குன்னு ஏறணும் புள்ள. செத்த தண்ணியா இருக்கப்படாது. பேக்கின்னா டிரையர்ல சூடு கூடிப் போனது. ஸ்டூவின்னா சூடு பத்தாம புழுங்கிப் போனது. செஸ்டின்னா பெட்டிப் பலகை வாசம். அப்புறம் கொப்பரி.”

இந்தக் கொப்பரிக்கு ஒரு கதை உண்டு. வடித்தபின் மிஞ்சும் இலை புதுச் செம்பு நிறத்தில் மினுங்கினால் ஆங்கிலத்தில் செம்பைச் சேர்த்து அப்படிச் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு அது கொப்பரா என்று காதில் விழுந்திருக்கிறது. “ஒரு வருசம் அந்த எலைய மோந்து மோந்து பார்த்தேன், தேங்கா வாசமே வரல. துரைக்கு மூக்கு நல்ல மூக்குன்னு நெனச்சிக்கிட்டேன்.”

செல்ஃப்-டிரிங்கிங் என்றதும் தலையை ஆட்டினார். “அதெல்லாம் எல்லா நாளும் வராது. கச்சான் அடிக்கிற மாசத்துல ரெண்டு மூணு வாட்டி வரும். அது கூட்டாளி கேக்காது புள்ள. தனிச்சு நிக்கும்.”

நான் ஒரு வாரம் தேடியதை அவர் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

கச்சான் கதை ஊவாக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்மேல் பருவக்காற்று அட்டன், டிக்கோயா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை பகலில் உதடு வெடிக்கும், இரவில் குளிர் கடிக்கும். கொழுந்து மெல்ல வளரும், கூடை நிறையாது, அம்மா அந்த மாதங்களில் றாத்தல் குறைவு என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் வருத்தப்படுகிற செடிதான் வாசம் கொடுக்கிறது. அந்தப் பருவத்து ஊவாத் தேயிலையில் ஒரு குளிர்ந்த தைல வாசம் வரும். அதற்குக் காரணமானவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட், வலித் தைலங்களில் இருக்கிற அதே பொருள். “கோடாலித் தைலத்த தூரத்துல தொறந்து வச்ச மாதிரி” என்றார் சித்தப்பா. இதைவிடச் சரியாக எந்த ஏலக் குறிப்பிலும் எழுதியிருக்க மாட்டார்கள். திம்புள்ளப் பக்கத்துக்கு நல்ல பருவம் வேறு, ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கே வாசமும் வேறு.

றாத்தல் குறையும் மாதத்தில்தான் ஏலத்தில் விலை ஏறும் சரக்கு வருகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்குக் கிட்ட வேண்டும். அம்மாவின் முகத்தையும் பெட்டியில் உள்ள அந்தப் பெயரடையையும் நான் இதுவரை ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை.

இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். பிளேன்.

இந்த நாட்டில் தமிழரோ சிங்களவரோ முஸ்லிம்களோ, பால் போடாத தேநீருக்கு எல்லாருக்கும் ஒரே பெயர் பிளேன்டீ. வீட்டுக்கு யாராவது வந்தால் “பிளேன்டீயா, பால்டீயா?” என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் சுவைஞர் ஒருவர் கரண்டியை வைத்துவிட்டு “பிளேன்” என்றால் அது திட்டு. குணமில்லாதது, சொல்ல ஒன்றுமில்லாதது என்று பொருள். கொழும்பில் 1883இல் தொடங்கி இன்றும் வாராவாரம் நடக்கிற ஏலத்தைப் பற்றித் தரகர்கள் எழுதும் அறிக்கைகளிலும், நல்ல சரக்குகளுக்குக் கீழே, விலை குறைந்த வரிசையில்தான் அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல் ‘பிளேனர்’ உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஆங்கிலப் பெயரடை, ஓர் அறையில் வசவு, பக்கத்து லயத்தில் உபசாரம். நம்முடைய பிளேனும் அவர்களுடைய செல்ஃப்-டிரிங்கிங்கும் கூட்டாளி இல்லாத தேநீரைத்தான் குறிக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. பாலும் சீனியும் சேராததை நாம் பிளேன் என்கிறோம். எதுவும் சேரத் தேவையில்லாததை அவர்கள் செல்ஃப்-டிரிங்கிங் என்கிறார்கள். அப்பாயி விருந்தாளிக்குக் கிளாசை நீட்டும்போது “வெறும் சாயத்தண்ணிதான், கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லித்தான் கொடுப்பார். வாங்கக் காசில்லாமல் போனது பால். அதற்காகத் தேயிலை மன்னிப்புக் கேட்டது.

அப்பாயிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மார்கழிக் குளிரில் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்த சாயம் ஆறினால் கொஞ்ச நேரத்தில் கலங்கிப் போகும், பழுப்பாக, பால் ஒரு சொட்டு விழுந்தது போல. “யாரு கண்ணு பட்டுச்சோ” என்று வாசலில் ஊற்றிவிடுவார். சுவைஞர்கள் அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கிரீமிங் டவுன். தேநீரில் இருக்கும் கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டி மிதப்பதால் அப்படி ஆகிறது. மோசமான சாயம் இப்படிக் கலங்காது. அப்பாயி வாசலில் ஊற்றியதெல்லாம் நல்ல தேநீர்.

துவர்ப்பு என்று சொன்னேன் அல்லவா, அங்கே தமிழுக்கு ஒரு வசதி. சுவைஞர்கள் ‘பஞ்சன்ட்’ என்று பாராட்டுவதை அகராதியில் பார்த்தால் காரநெடி என்றிருக்கும். தேநீரில் நெடி வந்தால் யார் குடிப்பது? அவர்கள் சொல்வது கசப்பில்லாமல் வாயைப் பிடித்து இழுக்கிற நல்ல துவர்ப்பை. ஆறு சுவையில் ஒன்றாக அது நம்மிடம் எப்போதோ இருக்கிறது. வாழைப்பூவும் மாதுளம்பிஞ்சும் தின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பெட்டியில் ‘சுறுசுறுப்பான’ என்பதை அடித்துவிட்டு, ‘நாவில் உயிர்ப்பும் துவர்ப்பும்’ என்று போட்டேன். ‘பிரகாசமான’ என்பது ‘தெளிந்த நிறம்’ ஆனது. இரண்டும் அரை மணி நேர வேலை.

செல்ஃப்-டிரிங்கிங் மூன்று நாள் எடுத்தது. முதலில் ‘தனிக்குடி’ என்று எழுதினேன். சின்னதாக, அழகாக இருந்தது. தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “என்னக்கா, தேயிலை மாமியாரோட சண்டை போட்டுட்டு தனிக்குடித்தனம் போயிருச்சா?” என்று பதில் வந்தது. சரி, போகட்டும். ‘தனியே குடிக்கும் தேநீர்’ என்று மாற்றினால் மனைவியை இழந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குடிப்பது போல இருந்தது. ‘கலப்பற்ற’ என்று போட்டால் பொருள் தடம் மாறும். கலக்காமல் இருப்பது ஒரு தகவல், கலக்கத் தேவையில்லை என்பது ஒரு தீர்ப்பு. ஒரே தோட்டத்தில் பறித்து, ஒரு இலைகூடக் கலக்காமல் பெட்டியில் அடைத்த தேயிலை வாயில் வைக்க முடியாததாகவும் இருக்கலாம். அதைக் கலப்பற்றது என்று சொல்லலாம், செல்ஃப்-டிரிங்கிங் என்று சொல்ல முடியாது. அதுவுமில்லாமல் நம் ஊரில் கலப்பு என்றால் கலப்படம்தான் முதலில் ஞாபகம் வரும்; மற்ற எல்லாத் தேயிலையிலும் புளியங்கொட்டைத் தூள் இருப்பது போல ஆகிவிடும்.

இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எங்கே பயன்படுத்தலாம் என்று யாராவது கேட்டால், தேயிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். காய்ந்த தூளைப் பார்த்துச் சொல்லக் கூடாது, ஊற்றிக் குடித்துப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். தூளின் தோற்றத்துக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. மனிதருக்குச் சொன்னால் குடிகாரர் என்று நினைப்பார்கள்.

கடைசியில் சித்தப்பா சொன்னதையே கொஞ்சம் சலவை செய்து எழுதினேன்: ‘துணை வேண்டாமல் தனித்து நிற்கும் ஊவாத் தேயிலை’. அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றாக இருக்கிறதாம், ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லையாம். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். பெட்டியில் இப்போது உயிர்ப்பு இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, தெளிந்த நிறம் இருக்கிறது. தனித்து நிற்பது மட்டும் இல்லை. காசு ஒழுங்காக வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதிரிக்கு வந்த 100 கிராமை அந்த ஞாயிறு சித்தப்பா வீட்டுக்குக் கொண்டு போனேன். பி.ஓ.பி., அதாவது நொறுங்கிய இலைத் தரம். உள்ளங்கையில் கொட்டி, மூச்சுவிட்டு ஈரப்படுத்தி, மோந்து பார்த்தார். “சரி, ஒழுங்கா பாப்போம்” என்று எழும்பினார்.

தேநீர் ஊற்றிச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று சர்வதேச நியமமே உண்டு: 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். சித்தப்பா அந்த நியமத்தைக் கேள்விப்பட்டதில்லை. வெள்ளைக்காரர் காலத்து ஆறு பென்ஸ் காசு ஒன்றைத்தான் அவர் ஸ்டோரில் தராசின் மறுதட்டில் வைத்து நிறுத்தாராம். அந்தக் காசு 2.8 கிராம் சொச்சம். நியமத்தின் சின்னக் கிண்ணத்துக்குச் சொல்லியிருக்கும் அளவும் 2.8 கிராம்தான். இப்போது காசும் இல்லை, தராசும் இல்லை. கரண்டி நுனியால் அள்ளி, கண்ணால் நிறுத்தார். மூடியில்லாத கிளாசுக்கு ஒரு சாசர். நேரத்துக்கு என் தொலைபேசி. தண்ணீர் நன்றாகத் தளைத்துக் கொதிக்க வேண்டும், ஒருமுறை கொதித்து ஆறியதை மறுபடி வைக்கக் கூடாது என்று கேத்தல் பக்கத்திலேயே நின்றார்.

ஆறு நிமிடம் ஆனதும் வடித்தார். இலையைச் சாசரில் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். செம்புதான், அசல் செம்பு. கரண்டியில் எடுத்து, ‘ஸ்ஸுர்ர்’ என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாசலுக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து உட்காரும்வரை ஒன்றும் பேசவில்லை.

“நிக்குது,” என்றார்.

நானும் உறிஞ்சினேன். எனக்குத் துப்ப மனம் வரவில்லை. முதலில் துவர்ப்பு கன்னத்தைப் பிடித்தது, பிறகு அந்தத் தைலவாசம், தூரத்தில் யாரோ மூடியைத் திறந்தது போல. ஸ்டோரில் இருந்த காலத்தில் இதையெல்லாம் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். துரை துப்பிவிட்டுப் போன பிறகு கிண்ணத்தில் மிச்சம் இருக்கும், கழுவுவதற்கு முன் ஒரு வாய் பார்ப்பேன் என்றார். வீட்டுக்கு வந்தது என்னவோ மாதாமாதம் தோட்டத்தில் கொடுத்த தூள்தான்.

சொல்லிக்கொண்டே, கிளாசில் மீதி இருந்ததைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த இஞ்சியை எடுத்து நசுக்கிப் போட்டார். சீனி இரண்டு கரண்டி, யோசித்துவிட்டு இன்னும் அரைக் கரண்டி.

“என்ன சித்தப்பா, இப்பதான் கூட்டாளி கேக்காதுன்னு சொன்னீங்க.”

“அது ருசி பாக்குறது புள்ள,” என்றார் சட்டியைக் கலக்கியபடி. “இப்ப குடிப்போம்.”